ஆள் மேலே இருக்கிறான்!

"வீ...ல்!"

பர்மாவில், தன்லியின் என்ற ஊரின் ஏரிப் பூங்காவில் டிக்கெட் கொடுக்கும் ராஜி போட்ட அலறலில் கரையிலிருந்த கொக்குகள் அத்தனையும் கிளம்பிப் பறந்தன.

காலை ஒன்பது மணி. கம்பிக் கயிற்றில் தொங்கும் நாற்காலிகள் ஏரிக்கு மேலாக ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. முதல் நான்கும் காலி.

ஐந்தாவதில் அஷ்ஃபாக்!

உட்கார்ந்து வரவில்லை. தொங்கிக்கொண்டு வந்தான். சட்டை கொக்கியில் மாட்டியிருந்தது. கழுத்து திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

கப்பிகளுக்கு கிரீஸ் போட, கயிற்றைத் தாங்கும் மூன்றாவது கோபுரத்தில் ஏறியவன். அவன் மேலே இருக்கும்போதே யாரோ மோட்டாரை ஓட்டிவிட்டார்கள்.

யாரோ என்ன யாரோ? ஒன்பது வருஷமாக அந்த சுவிட்சைப் போடுகிறவன் நல்லையா. இன்றைக்கும் அவன்தான் போட்டான்.

யாங்கோனிலிருந்து பாலம் தாண்டி இன்ஸ்பெக்டர் ராஜரத்தினம் வந்து சேர்ந்தபோது, நல்லையா மோட்டார் ரூமில் கைவிலங்கோடு உட்கார்ந்திருந்தான்.

"ஸயா... ஐயா! சத்தியமா நான் கொல்லல!"

"சுவிட்ச் போட்டது யாரு?"

"நான்தான். ஆனா... செருப்பு இல்லையே ஸயா!"

"செருப்பா?"

"மேல ஏறுறவன் செருப்பை இந்த சுவிட்ச் முன்னாடி விட்டுட்டுத்தான் ஏறுவான். செருப்பு கெடந்தா ஆள் மேல இருக்கான்னு அர்த்தம். நாங்க கை வைக்க மாட்டோம். சுவிட்சுக்குப் பூட்டு கேட்டோம், குடுக்கல. அதனால பழைய ஆளுங்க காலத்துலேருந்து நாங்களா வெச்சுக்கிட்ட ஏற்பாடு. இன்னிக்கு நான் வந்தப்ப தரை காலியா கெடந்துச்சு!"

"புளுகுறான்!"

வாசலில் மானேஜர் மீரா முகைதீன். வெள்ளைச் சட்டை, காலில் வெல்வெட் செருப்பு.

"அஷ்ஃபாக் செருப்பு கோபுரத்துக்கு அடியில கெடக்கு ஸயா, போய்ப் பாருங்க! போன வாரம்தான் ரெண்டு பேருக்கும் கைகலப்பு. வேணும்னே ஓட்டியிருக்கான்!"

"இந்தச் செருப்பு ஏற்பாடு உங்களுக்குத் தெரியாதா பாய்?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் ஆபீஸ் ஆளு. இந்த ரூமுக்குள்ள கால் வைக்கிறதே இன்னிக்குத்தான்!"

ராஜரத்தினம் கோபுரம் வரை நடந்தார். ராத்திரி பெய்த மழையில் கோபுரத்துக்குப் போகும் மண்வழியெல்லாம் சேறு. கோபுரத்தடியில் செருப்பு ஜோடியாக இருந்தது.

எடுத்துத் திருப்பினார்.

அடியில் ஒரு துளி சேறு இல்லை!

பிணத்தின் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கினார். கணுக்கால் வரை சேறு அப்பியிருந்தது.

ஆக, அஷ்ஃபாக் வெறுங்காலோடுதான் நடந்து வந்திருக்கிறான். செருப்பை யாரோ கையில் தூக்கி வந்து போட்டிருக்கிறார்கள். எந்தக் கை? நல்லையாவின் கையாகவும் இருக்கலாமே!

திரும்பி வந்தவர் மானேஜரை வெளியே நிற்கச் சொன்னார்.

"செருப்பை அங்க கொண்டுபோய்ப் போட்டது நீயா?"

நல்லையா உடைந்துபோனான்.

"நான் இல்ல! அஷ்ஃபாக் பொண்டாட்டி நூருன்னிசா வந்து, 'நீங்களா அண்ணே?'ன்னு கேட்டுச்சு ஸயா. அவ்வளவுதான் கேட்டுச்சு. நீங்க தூக்குல போட்டாகூட எனக்கு அப்படி வலிக்காது."

ராஜரத்தினம் சுவிட்சுக்கு முன்னால் தரையைக் குனிந்து பார்த்தார்.

"சரி... வேற யாராவது சும்மா செருப்பைக் கழட்டிப் போட்டிருந்தா? வித்தியாசம் எப்படித் தெரியும்?"

நல்லையா குரலைத் தாழ்த்தினான்.

"ஜோடி மாத்தி வெப்போம் ஸயா. வலது கால் செருப்பு இடது பக்கம்... இடது கால் செருப்பு வலது பக்கம்."

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"கோபுரம் ஏறினவனுக்கு மட்டும்தான். எங்களுக்குச் சொல்லிக் குடுத்தவங்க எல்லாம் வேலையை விட்டுப் போய்ட்டாங்க."

ராஜரத்தினம் மானேஜரைக் கூப்பிட்டார்.

"பாய்! மேல போய் அந்தக் கப்பியைப் பார்க்கணும். கூட வாங்க."

"நா... நானா?"

"பூங்கா சார்பா ஒரு ஆள் பார்த்துக் கையெழுத்துப் போடணும். கான்ஸ்டபிள், நல்லையாவுக்கு விலங்கைக் கழட்டு. அவன் சுவிட்ச் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கட்டும்."

"அவனா? இங்கயா?"

"ஏன், பயமா?"

"சே... சே!"

மீரா முகைதீனுக்கு வியர்த்தது. சுவிட்சைப் பார்த்தார். கீழே இறக்கி, அணைத்துத்தான் இருந்தது. நல்லையாவைப் பார்த்தார். அவன் கண் கொட்டாமல் திருப்பிப் பார்த்தான்.

ராஜரத்தினம் வாசல் பக்கம் திரும்பி நிதானமாக ஒரு சுருட்டைப் பற்றவைத்தார்.

"போலாம் ஸயா" என்றது மானேஜரின் குரல்.

திரும்பினார்.

மானேஜர் வெறுங்காலில் நின்றார். சுவிட்சுக்கு நேர் கீழே வெல்வெட் செருப்பு.

வலது இடப்பக்கம். இடது வலப்பக்கம்!

"இந்த ரூமுக்குள்ள கால் வைக்காத ஆளு... ஜோடி மாத்தி வெச்சிருக்கீங்களே பாய்!"

மீரா முகைதீன் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது.

"நல்லையா வர்றதுக்கு முன்னாடி, நீங்க ஆபீஸுக்குப் போகாத காலத்துல, எத்தனை வருஷம் கிரீஸ் போட்டீங்க?"

"ஆறு..."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

"எதுக்குக் கொன்னீங்க?"

"கயிறு பிஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சிட்டான் ஸயா! நாளைக்கு விளக்குத் திருவிழா. ஆயிரக்கணக்குல ஜனம் வரும். ஓட்டக் கூடாதுன்னான். ஓட்டினா சர்க்கார் ஆபீஸ்ல எழுதிக் குடுப்பேன்னான். ஓட்டலைன்னா முதலாளி என்னைத் துரத்திடுவாரு... அவன் ஏறினதும் செருப்பை எடுத்துட்டுப் போய் அங்க போட்டேன். ஒன்பதுக்கு நல்லையா வந்து போட்டுடுவான்னு தெரியும்."

நல்லையா எழுந்தான். மானேஜர் பக்கம் ஓரடி வைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதான்.

"ஸயா... நூருன்னிசாகிட்ட..."

"போ. முதல்ல அவங்ககிட்ட போய்ச் சொல்லு."

அவன் ஓடினான். கழற்றிய விலங்கு மீரா முகைதீன் கைக்கு மாறியது. அவர் பழக்க தோஷத்தில் செருப்புக்குள் காலை நுழைக்கப் போனார்.

ராஜரத்தினம் தடுத்தார்.

"வேணாம் பாய், அது சாட்சி! நீங்க வெறுங்காலோட வாங்க... லாக்கப் வாசல்ல கழட்டுற வேலை மிச்சம்!"