ஆயுத பூஜைப் படத்தின் ஓரம்

கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் வந்தது சந்தன வாசனை. கடையில் ஊதுவத்தி இல்லை, பூ இல்லை. வெளியே அம்பத்தூர் முழுக்க மழையும் சேறுமாகக் கிடக்க, அப்போதுதான் குழைத்த சந்தனத்தின் ஈர வாசனை கீபோர்டுக்குள்ளிருந்து கிளம்பி லோகநாயகியின் மூக்கில் ஏறியது.

பிறகு திரை. நேற்று அவள் ஃபான்ட் அளவை மட்டும் குறைத்துவிட்டுப் போன எழுத்தெல்லாம் மறுபடி பூசணிக்காய் மாதிரி ஊதி நின்றன.

"எந்தக் கட்டைல போறவன் இதைத் தெனம் மாத்தறது?"

"கத்தாதமே," ஜெராக்ஸ் மிஷின் பக்கமிருந்து முதலாளி திருவேங்கடம் குரல் கொடுத்தார். "வடிவு காலைல பூட்டா. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கணும். பாடி எடுக்கறதுக்குள்ள ஒட்டியாவணும்."

வடிவு இவளுக்கு முன்னால் இதே ஸ்டூலில் உட்கார்ந்து டைப் அடித்தவள். கண் மங்கியதும் முதலாளி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

"கண்ணு போச்சுன்னு தொரத்திட்டு, இப்ப போஸ்டரா மொதலாளி?"

"கெட்டுப்போன மிஷினை மாத்தறதில்ல? ஆயுத பூஜை போட்டோ கம்ப்யூட்டர்லயே கீது. அதுலேந்து அவ மூஞ்சிய வெட்டிப் போடு. முடியலன்னா நாளைக்கி வராத."

லோகநாயகி பல்லைக் கடித்தாள். புருஷனின் கம்பெனி கதவடைத்துக் கிடந்தது. இந்த ஸ்டூல் போனால் வீட்டில் உலை ஏறாது.

திரையின் பின்னணியில் இருந்ததே அந்தப் போட்டோதான். தனியாகத் திறந்தால் கம்ப்யூட்டர் உறைந்தது. ஊதிய திரையிலோ படத்தின் நடுப்பகுதி மட்டும்: மாலை போட்ட கம்ப்யூட்டர், அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். மிச்சமெல்லாம் திரைக்கு வெளியே.

ஸ்டார்ட்டப்பில் தேடினாள். கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதே திரையின் அளவைக் குறைத்து எழுத்தை ஊதவைக்கும் ஒரு குட்டிப் புரோகிராம் அங்கே உட்கார்ந்திருந்தது. அதற்கு வடிவு வைத்த பெயர், 'தொடாதே - வடிவு'.

"போற போக்குல எனக்கு ஆப்பு வெச்சிட்டுப் போனியா, மகராசி?"

ஆத்திரத்தோடு அழித்தாள். ரீஸ்டார்ட் கொடுத்தாள். ஃபேன் இரைந்தது. வாசனை தொண்டைக்குள் இறங்கியது.

திரையின் அகலத்தை எண்ணூறு புள்ளிக்கு விரித்தாள். படம் விலகிக் கொடுத்தது. ஸ்டேப்ளர், பேப்பர் வெட்டும் கத்தி, பழைய டைப்ரைட்டர். வரிசையாக, எல்லாவற்றுக்கும் பொட்டு.

ஆயிரத்துக்கு விரித்தாள்.

வரிசையின் கடைசியில் வடிவு. கழுத்தில் மாலை. இரண்டு கண்ணையும் மூடி அப்பிய சந்தனம். அதன் மேல் குங்குமம்.

அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. பச்சைப் புடவை. தோளில் துருப்பிடித்த ஊக்கு.

லோகநாயகி தன் பச்சைப் புடவையின் தோளைத் தொட்டாள். ஊக்கு.

அவள் இந்தக் கடைக்கு வந்ததே பொங்கலுக்குப் பிறகு; படம் அதற்கு முந்தைய ஆயுத பூஜையில் எடுத்தது.

பச்சைப் புடவைக்காரியின் முகத்தை நோக்கி, படத்தின் விளிம்பிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. மணிக்கட்டோடு முடிந்த கை. விரலில் சந்தனம்.

திரையைக் குறைக்கப் பார்த்தாள். மவுஸ் நகரவில்லை.

"மொதலாளி..."

"இன்னாமே, கெட்ச்சிதா மூஞ்சி?" குரல் தூரத்தில், ஜெராக்ஸ் மிஷின் பக்கமே இருந்தது.

லோகநாயகியின் நெற்றியில் ஏதோ பட்டது. ஈரம். ஐஸ் மாதிரி.

அது மெல்ல இமைக்கு இறங்கியது.

திரையில், பச்சைப் புடவைக்காரிக்கு ஒரு கண்தான் பாக்கி.