மேட்டீ என்றால் மெட்டி அல்ல

"குதிரையை அந்த வேலையாள்தான் திருடியிருப்பான். இதில் என்ன சஸ்பென்ஸ்?"

ரெனிஷா சொல்லி முடித்ததும் எதிர் நாற்காலிக்காரன் நிமிர்ந்தான். சட்டையில் 'ஆட்ரியன்' என்று பெயர் ஒட்டியிருந்தது.

அமெரிக்காவின் சுகர் லேண்ட் நகர நூலகத்து வாசகர் வட்டத்தில் அன்று ஒரு கனடா நாவல். மென்னோனைட் என்னும் விவசாயக் கிறிஸ்தவர்களின் கிராமம். பண்ணையில் மேட்டீ இனத்து வேலையாள் ஒருவன்... பழங்குடியும் பிரெஞ்சும் கலந்த வம்சம். அவனுக்குத் தண்ணீர் கிணற்றடியில், தனித் தகரக் குவளையில்.

"ஏன் அவன்? கடைசி அத்தியாயம் படித்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான் ஆட்ரியன்.

படிக்கவில்லை. திருடியது போதகரின் மகனாம். எல்லோரும் சிரிக்க, அவளுக்கு முகம் சுட்டது. அந்தக் கண்கள் வேறு... கோபத்திலும் அப்படி என்ன அழகு வேண்டிக் கிடக்கிறது?

வெளியே கொட்டுகிற மழை. வாசலில் ஒதுங்கி அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஒரு திமிர் பிடிச்சவன்மா. மானத்தையே வாங்கிட்டான். பாக்க மட்டும் நல்லாத்தான் இருக்கான்..."

"தேங்க்ஸ்ங்க" என்றது பின்னால் ஒரு குரல். சுத்தத் தமிழ்க் குரல்.

குடையும் கையுமாக ஆட்ரியன். ரெனிஷா போனை வைத்தாள். "தமிழ் எப்படி...?"

"அம்மா தாம்பரம். கனடாவுக்கு நர்ஸா போனாங்க. அப்பா மேட்டீ."

"மெட்டியா? கால்ல போடுறதா?"

"அப்பாவைக் கால்ல போட அம்மா இன்னும் டிரை பண்ணிட்டிருக்காங்க."

சிரித்துவிட்டாள். அடுத்த நொடி சிரிப்பு செத்தது. "அப்போ உள்ள நான் சொன்னது..."

"எங்க அப்பாவைத்தான். சின்ன வயசுல அந்த மாதிரிப் பண்ணையிலதான் வேலை பாத்தார். அந்தத் தகரக் குவளை வெறும் கதை இல்லைங்க."

"சாரி. படிக்காமப் பேசினது தப்பு. அவன்தான்னு தானாத் தோணுச்சு பாருங்க, அது அதைவிடப் பெரிய தப்பு."

 அவன் குடையை அவள் பக்கம் சாய்த்தான். கார் இருபது அடியில்தான் நின்றது. போய்ச்சேர அரைமணி ஆனது என்றால் நம்புங்கள்.

எட்டு வாரம் ஓடியது. ஃப்ரீவே டிராஃபிக்கில் போன், போன் இல்லாத நேரத்தில் மெசேஜ்... "அம்மா தாம்பரம், பையன் என்ஜினீயர்" என்று கேட்டதுமே ரெனிஷாவின் அம்மா ஜெயலீலா மனதுக்குள் பாதிக் கல்யாணத்தை முடித்துவிட்டாள். ஞாயிறு மதியம் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு அவனை அழைத்தாள்.

"அப்பாவுக்கு எந்த ஊரு தம்பி? நம்ம ஆளுங்கதானே?"

"கனடாவுல மானிடோபா ஆன்ட்டி. மேட்டீ." பொறுமையாக விளக்கினான்.

"அப்படின்னா... செவ்விந்தியரா?"

ஜெயலீலா எழுந்து உள்ளே போனாள். காபி வந்தது. எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். ஆட்ரியனுக்கு மட்டும் காகிதக் கப்.

 கிணற்றடித் தகரக் குவளை கடல் தாண்டாமலே ரெனிஷாவின் வீட்டுக்கு வந்துவிட்டது. அவள் அடுக்களைக்குப் போனாள்.

"ஏம்மா அவருக்கு மட்டும் அது?"

"டம்ளர் பத்தலடி." ஜெயலீலா குரலைத் தாழ்த்தினாள். "அவங்கல்லாம் குடிகாரக் கூட்டம்னு சொல்றாங்களே... சர்ச்ல என்ன பேசுவாங்க?"

ரெனிஷா அலமாரியைத் திறந்தாள். ஆறு டம்ளர்கள் கவிழ்ந்திருந்தன. இருவரும் அவற்றைப் பார்த்தார்கள். அம்மாதான் முதலில் பார்வையைத் திருப்பினாள்.

ஹாலில் ஆட்ரியன் எழுந்துவிட்டிருந்தான். காபி தொடாமல் இருந்தது.

"நான் கிளம்பறேன் ரெனி. அப்பா சின்ன வயசு பூரா அந்தக் குவளையில குடிச்சிட்டார். நான் குடிக்க மாட்டேன்."

"குடிக்க வேணாம்." காகிதக் கப்பை அவள் எடுத்துக்கொண்டாள். தன் டம்ளரை அவன் கையில் வைத்தாள். "இது நான் ஒரு வாய் குடிச்சது. எச்சில். பரவால்லையா?"

ஜெபத்துக்கு வந்திருந்த வசந்தாமணி ஆன்ட்டியின் கையிலிருந்த பைபிள் நழுவியது. ஜெயலீலா அடுக்களை வாசலில், கையில் ஒரு டம்ளரோடு, வருவதா போவதா என்று தெரியாமல் நின்றாள்.

"அம்மா, நான் இவரைத்தான் கல்யாணம் பண்ணிக்கப்போறேன். இவர்கிட்ட இன்னும் கேக்கல. இப்போதான் கேக்கறேன்... எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்கு ஆட்ரியன். சரியா?"

அவன் உட்கார்ந்தான். அவளைப் பார்த்தபடியே டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

"சரி. ஆனா மெட்டி நான்தான் வாங்குவேன்."