ராகித் தாள் பரப்பிய வளைவு

ஓசூரில் ஷிப்டு முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்த மாதேஸ்வரி, பேரிகைக்குப் பிரியும் ரோட்டில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொழுந்தன் ஹரீஷ்குமார் புது பைக்கோடு காத்திருந்தான்.

"வளைவுல ராகி போட்டிருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"போட்டிருக்காங்க அண்ணி. பயப்படாதீங்க, இதுல ஏபிஎஸ் இருக்குது. பிரேக்கை எவ்ளோ அழுத்துனாலும் சக்கரம் பூட்டிக்காது, வண்டி சாயாது."

அறுத்த ராகியைக் கதிரும் தாளுமாக ரோட்டில் பரப்பிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறியே மணி உதிர்ந்துவிடும், அடிக்கிற வேலை மிச்சம். போன வருஷம் அந்த வளைவில் பரப்பியவள் மாதேஸ்வரிதான். குறுக்கே வந்த ஆட்டுக்காக அவள் புருஷன் கோபி பிரேக்கை அழுத்தினான். பழைய வண்டி. முன்சக்கரம் அப்படியே இறுகித் தாளில் வழுக்கி, அவனைத் தூக்கியெறிந்துவிட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது. ஊரில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு பேர் திட்டியிருந்தால்கூட நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும், பாவி மகளுக்கு.

வளைவு வந்தது. சக்கரத்துக்கடியில் தாள் சரசரத்தது. திரும்பிய இடத்தில், விளக்கில்லாமல் ஒரு டிராக்டர் டிரெய்லர். அதன் பின்னால் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஹரீஷ் பிரேக்கை அழுத்தினான். லீவர் விரலில் கடகடவென்று உதைத்தது. சக்கரம் பூட்டவில்லை. வண்டி சாயவில்லை.

நிற்கவும் இல்லை.

உதிரித் தாளின் மேல் உருண்டுகொண்டே போனது.

"அண்ணி, நிக்கமாட்டேங்குது!"

மாதேஸ்வரி கண்ணை இறுக மூடினாள். யாரோ எதிரே நின்று வண்டியைப் பிடித்துத் தள்ளுவதுபோல ஒரு திணறல். மேல்மூச்சு வாங்கும் சத்தம். தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை.

அவளுக்குத் தெரிந்த வாசனை.

வண்டி நின்றது. கம்பி முனைக்கும் ஹரீஷின் நெஞ்சுக்கும் ஒரு சாண்தான் இருந்தது.

இறங்கிப் பார்த்தார்கள். டயர் தடத்துக்கு இரண்டு பக்கமும் தாளை ஒதுக்கிக்கொண்டு, தார் தெரிய, யாரோ காலை ஊன்றி இழுபட்டதுபோல இரண்டு கோடுகள். கோடு முடிந்த இடத்தில் தூசியில் இரண்டு வெறுங்கால் தடங்கள். விரல்கள் வண்டியைப் பார்த்து இருந்தன.

"யாருது அண்ணி இது?" என்றான் ஹரீஷ்.

மாதேஸ்வரி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். "நான் போட்ட தாள்ல செத்துட்டு, என்னையே காப்பாத்த இங்க நிக்கிறியா மாமா? குளுருது. வீட்டுக்கு வா."

"போனவங்கள அப்படிக் கூப்பிடக்கூடாது அண்ணி," என்றான் அவன் பதறி. அவளைக் கைபிடித்து எழுப்பி, பின்னால் உட்காரவைத்து, வண்டியைக் கிளப்பினான்.

சீட்டு மெல்ல இன்னொரு முறை அமுங்கியது.

"அண்ணி... பின்னாடி பாரமா இருக்குது."

மாதேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் முன்னால் நகர்ந்து இடம் விட்டாள்.