திருப்பி அனுப்பாத செயலி

கேம்பஸ் விடுமுறைக்கு வந்தாலும் வந்தாள், யூஜினா மடிக்கணினியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் கூரையில் மழை அடிப்பதுகூட அவள் காதில் விழவில்லை. தேநீர் தன் பாட்டுக்கு ஆறிக்கொண்டிருந்தது.

அவள் ஓர் இணையச் செயலி செய்துகொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் எந்தப் பாடத்தை எப்போது படிக்கலாம் என்று அதில் திட்டம் போடலாம். திங்கட்கிழமை அதை விரிவுரையாளரிடம் காட்ட வேண்டும். நன்றாக இருந்தால் எல்லா மாணவருக்கும் கொடுப்பார்கள்.

ஆனால், அனுப்பிப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் பாதியிலேயே மூடிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கு" என்று மழுப்பினார்கள்.

"ஜெனி, இங்க வா. நீதான் புது மாணவி. பிடிச்ச பாடத்த அழுத்து," என்று தங்கையைக் கூப்பிட்டாள்.

ஜெனிதா ஆறாம் வகுப்புதான். ஒரே நொடியில் கேம்பஸுக்குப் போய்விட்ட பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'ரோபோ நுட்பம்' என்று ஒன்று இருந்தது. விடுவாளா? அழுத்தினாள்.

திரை சிவந்தது. 'தகுதி இல்லை. திரும்பிச் செல்.'

சரி, ஓவியம் படிப்போம் என்று அதை அழுத்தினாள். 'தாமதம். இடமில்லை. திரும்பிச் செல்.'

பட்டென்று மூடிவிட்டாள்.

"என்னடி மூடிட்ட?"

"ஒன்னோட ஆப் ஏசுதுக்கா."

"அது உண்மையத்தான் சொல்லுது. கணக்குப் படிக்காம ரோபோ படிக்க முடியாது."

"அப்ப, கணக்குப் படிக்கணும்னே சொல்லலாமே!"

"ஆறாம் வகுப்புக்கு என்ன தெரியும்? போ, போ."

ஜெனிதாவுக்கு முகம் சுருங்கிப்போனது. அப்போது கதவு திறந்தது. கொழுந்து பறிக்கப் போன அம்மா தெரேசா, வெறுங்கூடையுடன் நனைந்து நின்றார்.

"ஏம்மா வந்துட்டீங்க?"

"பாதை வழுக்கி, காலையில பேர் பதியுற பெரட்டுக்குப் பிந்திட்டேன். இன்னைக்கு வேல இல்ல, திரும்பிப் போன்னுட்டாரு வேல குடுக்குற கண்டாக்கு ஐயா." அம்மா தலையைத் துவட்டினார். "ஏன் பிந்துச்சுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

யூஜினாவுக்குக் கோபம் பொங்கியது. "மனுசங்கள இப்படியா விரட்டுறது?"

ஜெனிதா அவள் கையை மெல்லத் தொட்டாள். "அக்கா, ஒன்னோட ஆப்பும் அதையேதான் சொல்லுச்சு."

யூஜினா மடிக்கணினியைத் திறந்தாள். திரும்பிச் செல். சின்ன வயதிலிருந்து அம்மாவை விரட்டிய எந்தப் பேச்சைக் கேட்டு அழுதாளோ, அதையே தன் கையால் எழுதி வைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"அப்ப எப்படிச் சொல்றது ஜெனி?" இந்த முறை நிஜமாகவே கேட்டாள்.

ஜெனிதா யோசித்தாள். "பூண்டுலோயாவுல இருந்து எங்க ஸ்கூலுக்குப் புதுசா ஒரு பிள்ள வந்துச்சு. தெரியாம வேற வகுப்புல போய் உக்காந்துருச்சு. நான், 'நம்ம வகுப்பு அந்தப் பக்கம், வா போவோம்'னு கூட்டிட்டுப் போனேன். அவ்வளவுதான்."

யூஜினா தட்டச்சு செய்யத் தொடங்கினாள். சிவப்பும் போனது. கடுமையாக இருந்த ஒவ்வொரு வரியையும் ஜெனிதா விரல் வைத்துக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது, யூஜினாவின் நண்பன் றொக்சன் வட்டவளையிலிருந்து தொலைபேசியில் பேசினான். "இந்த முறை மூடாம, முழுசாத் திட்டம் போட்டு முடிச்சிட்டேன். என்ன மாத்துன?"

"எங்க வீட்டு ஆறாம் வகுப்பைக் கேளு," என்று யூஜினா சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "எனக்கும் ஒருக்காக் காட்டுங்களேன்," என்றார் அம்மா. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ரோபோ நுட்பத்தைத்தான் அழுத்தினார்.

வந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். 'நல்ல பாடம். இதற்கு முன் கணிதம் படிக்க வேண்டும். வாருங்கள், அது எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன்.'

"அட, மரியாதையாக் கூப்புடுதே!" அம்மா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். "சரி, கணக்குலருந்தே தொடங்குவோம்."