ஆக்சிஜன் கொடுக்காதே...!

போன் அலறியது.

கோதலீவ் எடுக்கவில்லை. அன்று காலை ஆபரேஷனில் யாரிடமிருந்தோ வெட்டியெடுத்த நுரையீரல் துண்டு, அவள் கையில் செல் செல்லாகப் பிரிந்துகொண்டிருந்தது. பத்து நிமிஷம் தாமதித்தால் அத்தனையும் பாழ்.

பெல்ஜியத்தின் லூவன் நகரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு இதே பிழைப்பு. நுரையீரலின் எந்த செல் பாலிஅமீன்கள் என்ற ரசாயனங்களை ஆவலாக உறிஞ்சும், எது திரும்பிக்கூடப் பார்க்காது என்று கண்டுபிடித்துச் சொல்வது.

போன் விடுவதாயில்லை. முழங்கையால் ரிசீவரைத் தள்ளிக் காதைக் கொடுத்தாள்.

"நான் ஹெர்விக் பேசறேன்." பக்கத்து அறையில் அதே ஆராய்ச்சி செய்பவன். "கீழே ஸ்டோர் ரூம் வாசல்ல ரிக் விழுந்து கிடக்கான். நினைவில்லை. பக்கத்துல பாராகுவாட் பாட்டில்... காலி."

ரிக் அவள் கணவன். அதே கட்டடத்தில் கதிரியக்க ரசாயனங்களுக்குப் பொறுப்பாளன். மதியம் பன்னிரண்டரைக்கு அவளுடைய சீஸ் ரொட்டியில் பாதியைப் பிடுங்கித் தின்றவன்.

இப்போது மணி இரண்டரை.

ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில், அந்தக் களைக்கொல்லியைக் கண்டுபிடிக்கும் பொடியையும் காரக் கரைசல் பாட்டிலையும் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் லீஸ்பெத் ஆக்சிஜன் மாஸ்க்கை ரிக்கின் முகத்தருகே கொண்டு போனாள்.

கோதலீவ் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம் டாக்டர்."

"மேடம், அவர் நினைவில்லாம இருக்கார்."

"அவர் குடிச்சது பாராகுவாட். நுரையீரல் செல்கள்ல புட்ரெசின்ங்கற பாலிஅமீன் உள்ளே போக ஒரு கதவு இருக்கு. இந்த விஷமும் அதே கதவு வழியா நுழைஞ்சு குவியும். ஆக்சிஜன் குடுத்தா உள்ளேயிருந்து எரிக்கும். நுரையீரலே மிஞ்சாது."

கூடவே வந்திருந்த ஹெர்விக் தலையாட்டினான். "கேளுங்க டாக்டர். இந்த விஷயத்துல அவளுக்கு மேல யாரும் கிடையாது."

லீஸ்பெத் விரலில் மாட்டிய மெஷினைப் பார்த்தாள். "ரத்தத்துல ஆக்சிஜன் தொண்ணூத்தெட்டு காட்டுது. சரி, காத்திருப்போம்."

காத்திருந்தார்கள்.

ரிக்கின் கை இழுத்தது. பிறகு கால். மூச்சு விட்டு விட்டு வந்தது. கோதலீவ், இவனில்லாமல் அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவேன் என்று நினைத்தாள். அதற்கு மேல் எதுவும் ஓடவில்லை.

"மேடம், மூச்சு நிக்கப் போகுது. நான் மாஸ்க் வைக்கத்தான் போறேன்."

"வெச்சா கொன்னது நீங்கன்னு ஆயிடும்," என்றான் ஹெர்விக்.

லீஸ்பெத்தின் கை அந்தரத்தில் நின்றது.

கோதலீவ் கணவனின் வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கில் புண்ணில்லை, வெந்த தடமில்லை. உதடு...

சிவப்பு. நல்ல ரத்தச் சிவப்பு.

மூச்சுக்குத் தவிக்கிறவனுக்கு உதடு நீலமாக அல்லவா போக வேண்டும்?

ட்யூபில் இறங்கியிருந்த சிறுநீரைக் கிண்ணத்தில் பிடித்தாள். காரக் கரைசலை விட்டாள். பொடியைத் தூவினாள். பாராகுவாட் இருந்தால் கண்ணெதிரே நீலமாகும்.

பத்து விநாடி... இருபது... முப்பது...

நீலம் வரவில்லை.

"இவ்வளவு சீக்கிரம் தெரியாதும்மா," என்றான் ஹெர்விக். "நாளைக்குப் பாரு."

அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

"ஒரு மணி நேரத்துல நீலம் வரும்னு இந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்ததே நீதானே ஹெர்விக்?"

அவன் கண் கதவுப் பக்கம் போனது.

"குடிச்சிருந்தாலும் ரெண்டு மணி நேரத்துல மூச்சை நிறுத்தாது. நுரையீரலைத் தின்ன அதுக்கு நாள் கணக்கா ஆகும். இவர் விஷம் குடிக்கலை. சுவாசிச்சிருக்கார். நம்ம ஸ்டோர் ரூம்ல கார்பன் மோனாக்சைடு சிலிண்டர் இருக்கு."

"அந்த மெஷின் தொண்ணூத்தெட்டு காட்டுதே?" என்றாள் லீஸ்பெத்.

"இந்த வாயுவும் ரத்தத்தைச் சிவப்பாத்தான் ஆக்கும். மெஷினுக்கு சிவப்பா இருந்தா எல்லாம் ஆக்சிஜன்தான். மாஸ்க்கை வைங்க டாக்டர்... முழு அளவுல!"

எந்த மருந்து அவனைப் பிழைக்க வைக்குமோ, அதைத்தான் அவள் இருபது நிமிஷமாகத் தன் கையாலேயே தடுத்து வைத்திருந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஹெர்விக் கதவை நோக்கி நகர்ந்தான். அங்கே, விஷ கேஸ் என்று விசாரிக்க வந்த போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கே அவசரம்? உட்காருங்க," என்றார்.

ரத்தப் பரிசோதனை வந்தது. கார்பன் மோனாக்சைடு, நாற்பத்திரண்டு சதவீதம்.

நாலரை மணிக்கு ரிக் கண் திறந்தான். மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் கரகரத்தது.

"ஹெர்விக்குக்கு நான் குடுத்த கதிரியக்கப் புட்ரெசின் குப்பி... சீல்கூட உடைக்கலை. எந்த செல் எவ்வளவு உறிஞ்சுச்சுன்னு பக்கம் பக்கமா எழுதி அச்சுக்கே அனுப்பிட்டான். எல்லாம் கற்பனை. கேட்டேன்... ஸ்டோர் ரூமுக்கு வா, காட்டறேன்னான். சிலிண்டரைத் திறந்துவிட்டு என்னை உள்ளே தள்ளிப் பூட்டிட்டான்."

கோதலீவ் அவன் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

போலீஸ்காரர் விலங்கை மாட்டினார். ஹெர்விக் வாசலில் நின்று திரும்பினான்.

"அந்த ஆக்சிஜன் விஷயம் உன்னோட சொந்த ஆராய்ச்சி. அதையே நீ சந்தேகப்படுவேன்னு நான் நினைக்கவே இல்லை."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சந்தேகப்படறதுக்குத்தான் ஹெர்விக், எனக்குச் சம்பளமே குடுக்கறாங்க. உனக்கு எதுக்குக் குடுத்தாங்கன்னுதான் தெரியலை."