பாடி வந்துடுச்சி

"பாடி வந்துடுச்சி!"

லாரிக்காரன் வாசலில் நின்று கத்தினான். எங்கள் தொழிலில் தினமும் காதில் விழும் சொல்தான் அது. உழவர்கரையில் நான் நடத்துவது வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை. ஆனால் பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து என் அக்கா தையல்நாயகி மாவுக்கையோடு ஓடிவந்தாள். லாரியில் இருந்தது துருப்பிடித்த ஒரு மிலிட்டரி ஜீப். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

லாரிக்காரனை ஓங்கி அறையலாம் போலிருந்தது எனக்கு. அவனுக்கு என்ன தெரியும், பாவம். எழுபத்தொன்றில் கிழக்கு எல்லையில் சண்டை முடிந்ததும் ஒருவன் வீடு தேடி வந்து, அக்காவின் புருஷன், மிலிட்டரி டிரைவர் கலியமூர்த்தி மாமா செத்துப்போனதாகச் சொன்னான். "பாடி பின்னாலயே வருதும்மா" என்றான். பன்னிரண்டு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது!

பாடியைக் கண்ணால் பார்க்காமல் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். மாமாவின் அக்கா மணியம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. கல்யாணத்தில் மாமா முதல் முடிச்சுப் போட, நாத்தனார் முறைக்கு மீதி இரண்டு முடிச்சையும் போட்டவள் அவள்தான். அவளே எந்த விசேஷத்தில் பார்த்தாலும், "அறுத்துப் போட வேண்டியத மாட்டிக்கினு திரியறா பாரு" என்று ஊரைக் கூட்டுவாள். அந்த வாயை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜீப் ஜவுளிக்கடை சக்கரபாணியுடையது. மெட்ராஸில் மிலிட்டரி ஏலத்தில் எடுத்திருந்தார்.

"சண்டையில இருந்தாப்ல அப்படியே இருக்கணும், ஆதிமூலம். எந்த எல்லையில ஓடுச்சி, யாரு ஓட்டுனா, எல்லாத்தையும் விசாரிச்சி வை. கடை வாசல்ல நிறுத்தி போர்டு வைக்கப் போறேன்."

பட்டாசு வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்ளும் மனுஷனுக்குச் சண்டை மேல் அவ்வளவு ஆசை.

பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தேன். சாம்பல் நிறத்துக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே இன்னொரு பச்சை. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துத் தகரத்தில் ஆணியால் கீறிய தமிழ் எழுத்துத் தெரிந்தது.

தையல்.

சக்கரபாணி குனிந்து பார்த்துச் சிரித்தார். "சீட்டு தைச்சவன் எழுதிட்டுப் போயிருக்கான்யா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமா அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்.

அன்றிலிருந்துதான் அந்த வாடை. சித்திரை மாதம், தொட்டால் தகரம் சுடும் பட்டறை, அதற்குள் ஆற்றுச் சேற்றின் வாடை. புது ஸ்பாஞ்சு வைத்து ரெக்சின் தைத்த டிரைவர் சீட்டு அமுங்கிக் கிடந்தது. தட்டிக் கொடுத்தால் எழும்பும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் அமுங்கியிருக்கும்.

சீட்டுக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

பழுப்புத் தண்ணீர்.

முன்பக்கத் தகரத்தில் தெரிந்த படைக் குறியைக் காட்டுவதற்காகக் காலாப்பட்டு தேவதாஸை அழைத்துவந்தேன். அதே சண்டையில் கவிழ்ந்த வண்டிகளை இழுக்கும் வேலை பார்த்தவர். ஜீப்பைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"இத நான்தான் ஆத்துலேருந்து இழுத்தேன். மிதவப் பாலத்துலேருந்து உளுந்துடுச்சி. டிரைவரு ஸ்டீயரிங்கப் புடிச்சிக்கினே உள்ள கெடந்தாரு. செயினு போட்டு இழுக்கறப்ப பாதியில சேத்துல நழுவிட்டாரு." அவர் குரல் தணிந்தது. "எறங்கி எடுக்கறேன்னு சொன்னேன்பா. வண்டி வந்துடுச்சில்ல, கெளம்புன்னாரு அதிகாரி."

வண்டி வந்துவிட்டதாம்! கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரைப் பார்த்து வீசி எறிந்தேன். திரும்பினால், வீட்டுக் கதவருகில் அக்கா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் மத்தியானம் சக்கரபாணி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துபோனது.

"டிரைவரு செத்த வண்டியா! பாக்க ஜனம் அலைமோதும்யா!"

அக்கா குறுக்கே வந்து நின்றாள். "இது என் வூட்டுக்காரரு பாடி. எடுத்துக்கினு போவ உட மாட்டேன்."

"தள்ளும்மா. காசு குடுத்து ஏலம் எடுத்தவன் நானு."

அவளை ஒதுக்கிவிட்டு ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் அசையவில்லை.

"ஆதிமூலம்..." என்று முணுமுணுத்தார். "நான் சீட்டுல ஒக்காரல."

குனிந்து பார்த்தேன். சீட்டு அடிவரை அமுங்கியிருந்தது. அவர் அதற்கு ஒரு சாண் மேலே இருந்தார்.

"யாரு மடியிலயோ..."

அவருடைய வெள்ளைச் சட்டையில் இரண்டு விலாப்பக்கமும் சேறு படர்ந்தது. பின்னாலிருந்து யாராவது கை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்தால் எங்கே உரசுமோ, அங்கே.

ஸ்டீயரிங் மெல்லத் திரும்பியது.

அலறிக்கொண்டு கீழே விழுந்தவர், செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினார். ஜீப்பைக் கேட்டு அதற்குப் பிறகு வரவே இல்லை.

அக்கா அழவில்லை. அந்தச் சீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"பன்னெண்டு வருஷம்யா! கண்டவ வாயிலயும் உளுந்து எழுந்தேன். இப்பத்தான் வழி தெரிஞ்சிதா ஒனக்கு?"

பிறகு குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து சீட்டின் மேல் ஊற்றினாள். மஞ்சள் தடவினாள். வாய்க்கரிசி போட்டாள். கடைசியில் தாலிக் கயிற்றை அறுத்து ஸ்டீயரிங்கில் மாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் பட்டறையைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒருவழியாக எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

விடிந்து எழுந்தபோது வீட்டுக்குள் சேற்று வாடை அடித்தது. சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

அக்கா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் பின்கழுத்தில் தாலிக் கயிறு. அறுந்த இரண்டு முனைகளையும் யாரோ சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கட்டிய இடத்தில் சேறு இன்னும் காயவில்லை.

ஒரே ஒரு முடிச்சு.

அக்கா திரும்பாமலே சொன்னாள்.

"போயி அந்த மணியம்மாள இட்டுக்கினு வா. மீதி ரெண்டு முடிச்சயும் அவ கையாலயே போடச் சொல்லு."