பழுதில்லாத மோட்டார்

பன்னிரண்டு நாள் கடலடியில் கிடந்த மோட்டார் முதல் தடவையிலேயே ஓடியது. வில்யோவுக்கு அது பிடிக்கவில்லை.

உப்புத்தண்ணீரில் ஊறிய பிரஷ்லெஸ் மோட்டார் இப்படி ஓடவே ஓடாது. பேரிங் துருவேறிக் கரகரக்கும், கிளம்பும்போது திக்கித் திணறும், ஒன்றுமில்லை என்றால் உள்ளே கம்பிச்சுருள் கருகும் வாடையாவது வரும். ராஹே ஊரில் ரிமோட் கார் ஓட்டுகிறவர்கள் இருபது வருஷமாக இவன் கராஜுக்குத்தான் கோளாறைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், இவனுக்குத் தெரியாததா? ஆனால் இது, ஹீட்டரின் முனகலுக்கும் கூரையிலிருந்து பனி சரிகிற சத்தத்துக்கும் நடுவே, காதோரக் கொசுவைப் போல ஒரே சீராக ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் தைஸ்தோவின் ரிமோட் காருடைய மோட்டார் அது. கடலில் முக்குளித்துத் தேடியவர்கள் காரை மேலே கொண்டுவந்தார்கள். தைஸ்தோ கிடைக்கவில்லை.

அண்ணி ஹெல்வி மூன்று மணிக்கு வருவாள். காலையில் போனில் சொல்லியிருந்தாள்: "அழுது தீத்தாச்சு வில்யோ. அந்த மோட்டார்ல என்ன கோளாறுன்னு மட்டும் காட்டு. என் கண்ணால பாத்துட்டா எனக்குத் தூக்கம் வரும்."

"காட்டுறேன் அண்ணி."

கோளாறு மோட்டாரில்தான் என்று ஊர் பூராவும் சொன்னவனும் இவனே. நிறுத்தும்போது முதலில் காரை அணை, அப்புறம்தான் கையிலிருக்கிற ரிமோட்டை அணை என்பது இந்த விளையாட்டில் முதல் நாள் பாடம். மாற்றிச் செய்தால், கட்டுப்பாடு போன கார் சில சமயம் தலைதெறிக்க ஓடிவிடும். அன்றைக்கு உறைந்த கடலின் மேல் அண்ணனிடமிருந்து காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வாங்கிய வில்யோ, விரல் விறைத்து, சூடாக ஒரு வாய் காபி குடிக்கிற அவசரத்தில், ரிமோட்டை முதலில் அணைத்துவிட்டான். கார் பனி மெலிந்திருந்த பக்கம் பறந்தது. "அடேய், என்னடா பண்ணித் தொலைச்ச!" என்று சிரித்துக்கொண்டே தைஸ்தோ அதன் பின்னால் ஓடினான்.

ஆக, ஒரு பழுது வேண்டும். இல்லாவிட்டால் உண்டாக்கியாக வேண்டும். கல்நெஞ்சுக்காரன்தான், ஆனால் அண்ணியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல இவனால் முடியாது.

மணி இரண்டரை. டிசம்பர் பொழுது அதற்குள் இருட்டிவிட்டது. மோட்டார் எந்த நிலையில் சுற்றுகிறது என்று சொல்லும் மெல்லிய சென்சார் வயரைப் பிடுங்கினான். இனி திக்கும், கட்டாயம் திக்கும் என்று ரிமோட்டின் விசையை அழுத்தினான். திக்கவில்லை. கரண்ட் கொண்டுவரும் மூன்று தடித்த வயர்களில் இரண்டை இடம் மாற்றிச் சாலிடர் வைத்தான். பின்பக்கமாகச் சுற்ற வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முன்பக்கமாகவே சுற்றியது.

சாலிடர் புகையோடு இன்னொரு வாடை வந்தது. பாசி வாடை, பனிக்கடியில் ரொம்ப நாள் மூடிக்கிடந்த தண்ணீரின் வாடை. ஹீட்டர் சிவந்து எரிந்துகொண்டிருந்தும் மேஜை விளிம்பு கையைச் சுட்டது, குளிரில்.

ஒரு வயரை வெட்டினான். இரண்டே வயரில் மோட்டார் நடுங்கத்தான் செய்யும், சுற்றாது.

சுற்றியது.

"சனியனே, கெட்டுத் தொலையேன்!"

பேட்டரியைக் கழற்றினான். சுற்றியது. மிச்ச வயர்களையும் வெட்டினான். காரிலிருந்தே கழற்றி மேஜைமேல் நிறுத்தினான். எதனோடும் ஒட்டில்லை. சுற்றியது.

மூடியின் திருகுகளைக் கழற்றி, உள்ளிருந்த காந்தத் தண்டை உருவினான். தண்டு விரலுக்குள் இரண்டு சுற்று சுற்றிவிட்டு அடங்கியது. அப்பாடா! இந்தக் காந்தத்தில் ஒரு விரிசல் போடலாம். அது போதும். பாருங்க அண்ணி, இதனாலதான். அரத்தை எடுத்தான்.

சொட்.

மோட்டாரின் காலிக்கூட்டிலிருந்து வந்தது.

குனிந்து பார்த்தான். கட்டைவிரல் உயரக் கூடு. உள்ளே தண்ணீர். கறுப்பாக. ஏறிக்கொண்டிருந்தது. விளிம்புவரை வந்து நின்றது. விளக்கு அதில் தெரியவில்லை.

கதவு திறந்தது. ஹெல்வி பூட்ஸைத் தட்டிப் பனியை உதறினாள்.

"கழட்டிட்டியா? நல்லதாப் போச்சு. சொல்லு, பழுது எதுல?"

அரத்தை நீட்டினான். காந்தத்தை நீட்டினான்.

"இதுலயா?" என்று கேட்டுக்கொண்டே கிட்ட வந்தவள் அப்படியே நின்றாள்.

தண்ணீரிலிருந்து ஒரு விரல் எழுந்தது. வெளுத்து, ஊறி, நகம் நீலம்பாரித்து. இரண்டாம் கணுவையும் தாண்டி. கணுவுக்குக் கீழே மோதிரம். ஹெல்வி போட்டுவிட்ட மோதிரம்.

அவள் கத்தவில்லை. "தைஸ்தோ," என்றாள். பிறகு, அவனிடமே கேட்பதுபோல, மெதுவாக: "பழுது எதுலங்க?"

விரல் திரும்பியது. காரைத் தாண்டியது. பேட்டரியைத் தாண்டியது. காந்தத்தைத் தாண்டியது.

வில்யோவைக் காட்டி நின்றது.

அவன் இடப்பக்கம் நகர்ந்தான். விரலும் நகர்ந்தது. சுவரோடு ஒண்டினான். விரலும் கூடவே வந்தது. ஹெல்வி மோட்டாரிலிருந்து கண்ணை எடுத்து, விரல் காட்டிய பக்கம் பார்த்தாள்.